கண்ணாடி இழையும் எப்பாக்சியும்: கூட்டுப்பொருளின் குணத்தைச் செய்யும் முன்பே கணக்கிடுவது எப்படி?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் காற்றாலை இறக்கைகள் உலோகத்தில் வார்த்தவை அல்ல. கண்ணாடி இழைகளை அடுக்கி, அவற்றுக்குள் ரெசினைப் பாய்ச்சி, இறுக வைத்துச் செய்தவை. படகு, குளியல் தொட்டி, ரசாயனத் தொட்டி, ராக்கெட்டின் மோட்டார் உறை, விமான இறக்கை எல்லாம் இதே வம்சம்தான். போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இப்படிப்பட்ட பொருள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் தனித்தனி அடையாளம் இழக்காமல் சேர்ந்து வேலை செய்யும் இதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். பட்டறையில் எல்லோரும் காம்போசிட் என்றுதான் சொல்வார்கள்.

இறக்கையை வடிவமைப்பவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. காற்று வீசும்போது நுனி எவ்வளவு வளையும் என்று கணக்கிட வேண்டும். அதற்குப் பொருளின் விறைப்பு எண்ணாகத் தெரிய வேண்டும். இரும்பு என்றால் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியம் என்றால் 70 என்று கையேட்டைப் பார்த்துப் போட்டுவிடலாம். இங்கே எந்த எண்ணைப் போடுவது? ஒரு கண்ணாடி இழையின் விட்டம் 15 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் கன அளவில் 60 சதவீதம் இழை என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகத்தில் ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம் இழைகள் இருக்கும். பல மீட்டர் நீள இறக்கையில் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாகக் கணினியில் வரைந்து கணக்குப் போட முடியாது.

செய்து பார்த்துச் சோதித்துவிடலாமே என்று தோன்றும். சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் இழையை மாற்றினால் புதுச் சோதனை, ரெசினை மாற்றினால் புதுச் சோதனை, இழையின் பங்கை 50இலிருந்து 60 சதவீதம் ஆக்கினால் மறுபடி ஒன்று. இந்தப் பொருள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் ஒரு தகட்டுக்கே ஐந்து மீள் மாறிலிகள், அதாவது அதன் விறைப்பைச் சொல்லும் ஐந்து எண்கள், தேவை. அதனால் இழையின் குணம், ரெசினின் குணம், இரண்டும் அடுக்கப்பட்டிருக்கும் விதம் ஆகியவற்றை வைத்து மொத்தப் பொருளின் குணத்தை முன்கூட்டியே கணிக்க ஒரு வழி வேண்டும். இழை அளவில் என்ன நடக்கிறது என்று ஆராய்வது மைக்ரோமெக்கானிக்ஸ், அதாவது நுண்ணியக்கவியல். அங்கே கிடைத்ததை வைத்து, அந்தக் கலவைக்குப் பதிலாக எங்கும் ஒரே குணம் கொண்ட ஒரு கற்பனைப் பொருளை வைப்பது ஒருபடித்தாக்கல் அல்லது ஹோமோஜெனைசேஷன்.

எதைச் சராசரி எடுக்கிறோம்?

இந்தப் பாடத்தில் புதிதாக நுழைகிற பலரும் இங்கேதான் இடறுகிறார்கள். இழையின் குணத்தையும் ரெசினின் குணத்தையும் அவற்றின் பங்குக்கு ஏற்றபடி சராசரி எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அடர்த்திக்கு அது முழுக்கச் சரி. ஒரு கன சென்டிமீட்டருக்குக் கண்ணாடி 2.55 கிராம், எப்பாக்சி என்ற ரெசின் 1.2 கிராம் என்றால் 60 சதவீத இழை உள்ள தகடு 0.6 × 2.55 + 0.4 × 1.2 = 2.01. உள்ளே வெற்றிடக் குமிழ் இல்லாதவரை இந்தக் கணக்கு பிசகாது, ஏனென்றால் நிறை என்பது வெறும் கூட்டல்.

விறைப்பு அப்படி இல்லை. யங் குணகம் என்பது தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம். தகைவு என்பது ஓரலகு பரப்பில் தாங்கும் விசை. திரிபு என்பது அசல் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்ற கணக்கு. கூட்டுப்பொருளை இழுக்கும்போது உள்ளே தகைவு ஒவ்வொரு புள்ளியிலும் வேறு வேறாக இருக்கும், திரிபும் அப்படியே. ஒருபடித்தாக்கலில் நாம் சராசரி எடுப்பது இந்தத் தகைவையும் இந்தத் திரிபையும்தான். சராசரித் தகைவைச் சராசரித் திரிபால் வகுத்தால் வருவதே மொத்தப் பொருளின் குணகம். குணகங்களை நேரடியாகச் சராசரி எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இழைக்கும் ரெசினுக்கும் பாரம் எப்படிப் பங்காகிறது என்று தெரியாமல் இந்தச் சராசரிகளைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தத் துறையில் உள்ள மாதிரிகள் எல்லாமே அந்தப் பங்கீட்டைப் பற்றிய வெவ்வேறு ஊகங்கள்தான் என்று நான் சொல்வேன். இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் பெயர்களும் சூத்திரங்களும் மிரட்டாது.

நிஜமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 1990களில் பிரிட்டனில் ஹின்டன், கடூர், சோடன் மூவரும் கூட்டுப்பொருள் முறிவைக் கணிக்கும் கோட்பாடுகளை ஒப்பிட ஒரு பெரிய சர்வதேச முயற்சியை நடத்தினார்கள். அதற்காக வெளியிட்ட தரவுகளில் சைலென்கா என்ற ஈ-வகைக் கண்ணாடி இழையும் எம்ஒய்750 என்ற எப்பாக்சியும் சேர்ந்த ஒரு தகடு உண்டு. இழையின் குணகம் 74 ஜிகாபாஸ்கல், ரெசினுடையது 3.35, இழையின் பங்கு 60 சதவீதம். இழைத்திசையில் தகட்டின் குணகம் 45.6, குறுக்கே 16.2. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இழையோடு சேர்ந்து இழுத்தால்

இழைகள் ஓடும் திசையிலேயே தகட்டை இழுக்கிறோம். இழையும் ரெசினும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டும் ஒரே அளவு நீள்கின்றன, அதாவது திரிபு இரண்டுக்கும் ஒன்று. விறைப்பான இழை அதிகத் தகைவைத் தாங்கும், ரெசின் குறைவாகத் தாங்கும். சராசரித் தகைவைக் கணக்கிட்டால் 0.6 × 74 + 0.4 × 3.35 = 45.7 ஜிகாபாஸ்கல். தரவில் உள்ளது 45.6. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. இங்கே குணகங்களின் சராசரி சரியாக வந்ததற்குக் காரணம், திரிபு எங்கும் சமம் என்ற ஊகம் இந்தத் திசையில் ஏறக்குறைய உண்மை என்பதுதான்.

இந்த ஊகத்துக்கு ஃபோய்க்ட் மாதிரி என்று பெயர். வோல்டமார் ஃபோய்க்ட் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889இல் இதை எழுதியது இழைகளுக்காக அல்ல, பல படிகங்கள் சேர்ந்த பொருள்களுக்காக. பங்கீட்டையும் பாருங்கள்: மொத்தப் பாரத்தில் இழை தாங்குவது 44.4 பங்கு, ரெசின் தாங்குவது 1.34 பங்கு. நூற்றுக்கு 97 பாகத்தை இழையே சுமக்கிறது.

குறுக்கே இழுத்தால்

இப்போது அதே தகட்டை இழைக்குச் செங்குத்தாக இழுப்போம். முதலில் தோன்றும் படம் இது: இழையும் ரெசினும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பட்டைகள். இரும்புக் கம்பியின் நுனியில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்தால் இரண்டின் வழியாகவும் ஒரே விசை போகும், நீளுவது மட்டும் பெரும்பாலும் ரப்பர்தான். அது போல இங்கே தகைவு சமம், திரிபு வேறு வேறு. கணக்கு தலைகீழாகிறது: 0.6 ÷ 74 என்பதையும் 0.4 ÷ 3.35 என்பதையும் கூட்டி, வந்த விடையால் 1ஐ வகுக்க வேண்டும். வருவது 7.8 ஜிகாபாஸ்கல். இது ராய்ஸ் 1929இல் முன்வைத்த மாதிரி.

தரவில் உள்ளதோ 16.2. கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

இங்கேதான் பாடம் சுவையாகிறது. இழைகள் பட்டைகளாக இல்லை. வட்ட வெட்டுமுகம் கொண்ட தண்டுகளாக ரெசினில் சிதறி நிற்கின்றன. குறுக்கே வரும் பாரம் ரெசின், இழை, ரெசின் என்று வரிசையாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விறைப்பான பாதையைத் தேடி இழைகளை நோக்கி வளைந்து போகும். அடுத்தடுத்த இழைகளுக்கு நடுவே ரெசின் மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் பாரம் குவியும். இழைகளின் பக்கவாட்டில் இருக்கும் ரெசினோ ஏறக்குறைய சும்மா இருக்கும். தகைவு எங்கும் சமம் என்ற ஊகம் உடைந்துபோகிறது. இன்னொரு காரணமும் உண்டு: குறுக்கே இழுபடும்போது ரெசின் இழைத்திசையில் சுருங்க விரும்பும், ஆனால் விறைத்த இழை அதைச் சுருங்க விடாது. தடுக்கப்பட்ட ரெசின் தன் இயல்பைவிடக் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்கிறது.

அப்படியானால் ராய்ஸ் கணக்கு உதவாதா? உதவும். 1952இல் ராட்னி ஹில் ஆற்றலை வைத்து ஒன்றை நிறுவினார்: பொருள்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும் உண்மையான விறைப்பு ஃபோய்க்ட் மதிப்பைத் தாண்டாது, ராய்ஸ் மதிப்புக்குக் கீழேயும் போகாது. காரணம் புரியக்கூடியதுதான். சமநிலையில் ஒரு பொருள் தனக்குள் சேரும் மீள் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்படி தன் உருமாற்றத்தைத் தேர்ந்துகொள்கிறது. நாம் எல்லா இடமும் ஒரே அளவு நீள வேண்டும் என்று வலுக்கட்டாயமாகத் திணித்தால் கூடுதல் ஆற்றல் செலவாகும், அதனால் பொருள் உண்மையைவிட விறைப்பாகத் தெரியும். தகைவைச் சமமாகத் திணித்தால் இதற்கு எதிர்ப்புறம் நடக்கும். ஆக நம் தகட்டின் குறுக்குக் குணகம் 7.8க்கும் 45.7க்கும் இடையில்தான் எங்கோ இருந்தாக வேண்டும். 16.2 அதற்குள்தான் இருக்கிறது. இடைவெளி பெரிது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மென்பொருள் இந்த எல்லைக்கு வெளியே விடை தந்தால், உள்ளீட்டில் தப்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இடைவெளியைக் குறுக்கும் வழிகள்

1963இல் ஸ்வி ஹாஷினும் ஷ்முவேல் ஷ்ட்ரிக்மனும் இன்னும் இறுக்கமான எல்லைகளைத் தந்தார்கள். பங்கு விகிதத்தோடு, பொருள்கள் எந்தத் திசைக்கும் சார்பு இல்லாமல் கலந்திருக்கின்றன என்ற ஒரு தகவலையும் சேர்த்தால் எல்லை நன்றாகச் சுருங்குகிறது. உள் அமைப்பைப் பற்றி எவ்வளவு கூடுதலாகத் தெரிகிறதோ அந்த அளவுக்கு விடையில் உள்ள தயக்கம் குறையும்.

பொறியாளர்கள் தினசரி வேலைக்கு எடுப்பது 1960களில் வந்த ஹால்பின்–சாய் சூத்திரம். நம் தகட்டுக்கே போட்டுப் பார்ப்போம். இழைக்கும் ரெசினுக்கும் உள்ள குணக விகிதம் 74 ÷ 3.35 = 22.09. இதில் 1ஐக் கழித்ததை, 2ஐக் கூட்டியதால் வகுக்க வேண்டும்: 21.09 ÷ 24.09 = 0.8755. இதை இழையின் பங்கான 0.6ஆல் பெருக்கினால் 0.5253. கடைசியாக 3.35 × (1 + 2 × 0.5253) ÷ (1 − 0.5253). விடை 14.5 ஜிகாபாஸ்கல். 16.2ஐ விடப் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைவு, ஆனால் 7.8 எங்கே, இது எங்கே!

இந்தச் சூத்திரத்தில் வரும் 2 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. இழையின் வடிவத்துக்கும் பாரத்தின் திசைக்கும் ஏற்ப, துல்லியமான கணக்குகளோடு ஒப்பிட்டுப் பொருத்திய எண். அதை 0 ஆக்கினால் சூத்திரம் ராய்ஸ் மாதிரியாகிவிடும். முடிவில்லாமல் பெரிதாக்கினால் ஃபோய்க்ட் மாதிரியாகிவிடும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நகர்த்தக்கூடிய ஒரு குமிழ் அது. பயன்படுத்தத் தடையில்லை. எந்த எண்ணை ஏன் போட்டோம் என்று மட்டும் குறித்துவைக்க வேண்டும். இதே தகட்டின் சறுக்குக் குணகத்துக்கு, அதாவது சறுக்கி உருமாற்றும்போது அது காட்டும் விறைப்புக்கு, வழக்கமாகப் போடும் மதிப்பு 1. அதில் வரும் விடை 4.3, தரவில் உள்ளதோ 5.83. ஒரு குணத்துக்கு நன்றாக வந்த சூத்திரம் இன்னொன்றுக்கும் அப்படியே வரும் என்று நம்பிவிடக் கூடாது.

பொருத்திய எண் ஏதும் இல்லாமல், இயற்பியலிலிருந்தே நேராகப் போகும் பாதை 1957இல் ஜான் எஷல்பி திறந்தது. அவர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இது: எல்லையில்லாமல் விரிந்த ஒரு திடப்பொருளுக்குள் ஒரு சிறு பகுதி மட்டும் தானாக உருமாற விரும்புகிறது, சுற்றியிருப்பது அதைத் தடுக்கிறது, உள்ளே என்ன நிலை இருக்கும்? கற்பனையில் அந்தப் பகுதியை வெட்டி வெளியே எடுத்தார். அதன் இஷ்டத்துக்கு உருமாற விட்டார். மேற்பரப்பில் விசை கொடுத்துப் பழைய வடிவத்துக்கு அழுத்தி, அதே குழிக்குள் வைத்து ஒட்டினார். கடைசியில் அந்த விசையை நீக்கிவிட்டு, இரண்டும் சேர்ந்து எங்கே போய் நிற்கின்றன என்று கணக்கிட்டார். அந்தப் பகுதி நீள்கோள வடிவில், அதாவது இழுத்தோ அழுத்தியோ விட்ட உருண்டை போல, இருந்தால் உள்ளே திரிபு எல்லாப் புள்ளியிலும் ஒன்றாகவே இருக்கிறது என்பது அவருடைய முடிவு. புள்ளிக்குப் புள்ளி மாற வேண்டிய ஒன்று சீராக வருவது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்! நீள்கோளத்தைக் கொஞ்சம் மாற்றினால் உருண்டைத் துகள் கிடைக்கும், ஒரு பக்கம் நீட்டிக்கொண்டே போனால் இழை கிடைக்கும், தட்டையாக்கினால் தகடு கிடைக்கும். ஒரே தீர்வு எல்லாவற்றுக்கும் வேலை செய்கிறது.

எஷல்பியின் கணக்கில் துகள் ஒன்றுதான். நிஜத்தில் லட்சக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கின்றன, ஒன்றின் பாதிப்பு இன்னொன்றின் மேல் விழும். 1973இல் மோரியும் தனாகாவும் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் கூட்டுப்பொருள்களுக்கு ஏற்ற வடிவில் எழுதினார்கள். ஒவ்வொரு துகளும் தான் தனியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது உணரும் திரிபு நாம் வெளியே கொடுத்த திரிபு அல்ல, ரெசினுக்குள் நிலவும் சராசரித் திரிபு. அக்கம்பக்கத்துத் துகள்களின் மொத்தத் தாக்கமும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடுகிறது. கண்ணாடி இழைத் துண்டுகள் கலந்த நைலான் போன்ற ஊசி வார்ப்புப் பொருள்களைக் கணிக்கும் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இன்றும் இந்த யோசனைதான் ஓடுகிறது. துகள்கள் மிக நெருங்கும்போது இதன் துல்லியம் குறையும். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது இந்த மாதிரிக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கட்டத்தைக் கணினியில் இழுப்பது

அந்தப் பக்கத்துவீட்டுத் தகவலும் வேண்டும் என்றால் படத்தை அப்படியே வரைந்துவிட வேண்டியதுதான். முழுப் பொருளையும் அல்ல, அதைப் பிரதிநிதித்துவம் செய்யும் ஒரு சிறு துண்டை. இதை ஆர்விஇ என்பார்கள். நாம் மாதிரிக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 1963இல் ஹில் இதற்கு வரையறை தந்தார்: கலவையின் சராசரி அமைப்பை முழுதாகக் காட்டும் அளவுக்குப் பெரிதாகவும், எல்லையில் எந்த விதமாக இழுத்தாலும் சராசரிக் குணம் மாறாத அளவுக்கு நிறைய இழைகளோடும் அது இருக்க வேண்டும். அதே நேரம் முழுப் பாகத்தோடு ஒப்பிட்டால் புள்ளி போலச் சிறியதாகவும் இருக்க வேண்டும். இழை மைக்ரான் கணக்கு, இறக்கை மீட்டர் கணக்கு என்பதால் இரண்டும் ஒருசேர நடக்கிறது.

இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்தால் கட்டம் மிகச் சிறியதாகிவிடும், ஒரே ஓர் இழை கூடப் போதும். ஆனால் எந்த ஒழுங்கு என்பது முக்கியம். சதுர அடுக்கில் அதிகபட்சம் 78.5 சதவீதம்தான் இழையைத் திணிக்க முடியும், அறுகோண அடுக்கில் 90.7 வரை. சதுர அடுக்கில் குறுக்கு விறைப்பு திசைக்குத் திசை மாறும். சதுரத்தின் பக்கவாட்டில் ஒன்று, மூலைவிட்டத்தில் வேறொன்று. அறுகோணத்தில் இந்தப் பாரபட்சம் இல்லை. நிஜத் தகட்டிலும் குறுக்கு வெட்டில் எல்லாத் திசையும் ஏறக்குறைய சமம் என்பதால், விறைப்புக் கணக்குக்கு முதலில் அறுகோணத்தை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கட்டத்தை வரைந்த பிறகு ஃபைனைட் எலிமென்ட் முறையில் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கிறோம். அப்புறம் ஆறு விதமாக உருமாற்றுகிறோம்: மூன்று திசைகளில் இழுப்பு, மூன்று தளங்களில் சறுக்கல். ஒவ்வொரு முறையும் சராசரித் திரிபு என்ன என்பது தெரியும், ஏனென்றால் நாமே கொடுத்தது. உள்ளே ஒவ்வொரு கூறிலும் வரும் தகைவை அந்தக் கூறின் கன அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கன அளவால் வகுத்தால் சராசரித் தகைவின் ஆறு கூறுகள் கிடைக்கும். ஆறு முறை, ஆறாறு எண்கள். அந்த 36 எண்களும் சேர்ந்ததுதான் மொத்தப் பொருளின் விறைப்பு அணி. இறக்கையின் பெரிய கணக்கில் போட வேண்டியது இதைத்தான்.

கட்டத்தின் ஓரங்களை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதில் கவனம் வேண்டும். ஓரங்களின் இடப்பெயர்ச்சியை நேர்கோடாகக் கட்டாயப்படுத்தினால் விடை கொஞ்சம் விறைப்பாக வரும். ஓரங்களில் விசையைச் சீராகக் கொடுத்தால் கொஞ்சம் தளர்வாக வரும். பொதுவாக நல்ல விடை தருவது சுழல் எல்லை நிபந்தனை: இடது ஓரம் எப்படி நெளிகிறதோ அதே நெளிவு வலது ஓரத்திலும் இருக்க வேண்டும். அப்போதுதான் உருமாறிய கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி இல்லாமல் பொருந்தும். கட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த மூன்று விடைகளும் ஒன்றை ஒன்று நெருங்கும். அவை இன்னும் விலகி நின்றால் உங்கள் கட்டம் போதவில்லை என்று பொருள். நுண்ணோக்கிப் படத்திலிருந்தே நேராகக் கணக்கிட வேண்டும் என்றால், 1994இல் மூலினெக்கும் சுகேயும் கொண்டுவந்த ஃபூரியே உருமாற்ற முறை வசதியானது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கூறாக வைத்துக்கொள்ளலாம், வலைப்பின்னல் போடும் வேலை மிச்சம்.

வெப்பத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். நம் தகட்டில் ஒரு டிகிரி செல்சியசுக்குக் கண்ணாடி பத்து லட்சத்தில் 4.9 பங்கு விரியும், எப்பாக்சி 58 பங்கு. குணங்களைச் சும்மா சராசரி எடுத்தால் 26 வரும். இழைத்திசையில் தரவில் உள்ளதோ 8.6. விரியத் துடிக்கும் ரெசினை விறைத்த இழை பிடித்து நிறுத்துகிறது. இருவரின் விறைப்பையும் கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால் 6.5 வருகிறது, முழுத் துல்லியம் இல்லாவிட்டாலும் திசை சரி. சூட்டில் இறுகிய தகடு குளிரும்போது இந்த இழுபறியால் உள்ளுக்குள் தகைவு தங்கிவிடும், வெளியே ஒரு பாரமும் இல்லாமலேயே.

சராசரி கைவிடும் இடம்

இதுவரை பேசியது விறைப்பு. உடையும் வலிமையைப் பற்றிக் கேட்டால் கதை மாறுகிறது. இழைத்திசையில் சிக்கல் அவ்வளவு இல்லை. இழையின் வலிமை 2150 மெகாபாஸ்கல், அதில் 60 சதவீதம் 1290. தகட்டின் வலிமை 1280. குறுக்குத் திசையில்தான் ஆச்சரியம் காத்திருக்கிறது. தனி எப்பாக்சியின் இழுவலிமை 80 மெகாபாஸ்கல். தகட்டின் குறுக்கு இழுவலிமை 40. இழையைச் சேர்த்ததால் விறைப்பு 3.35இலிருந்து 16.2க்கு ஏறியது, வலிமையோ பாதியாகக் குறைந்துவிட்டது!

விறைப்பில் எல்லாப் புள்ளிக்கும் ஓட்டு உண்டு. உடைப்பை முடிவு செய்வதோ மிக மோசமான ஒரு புள்ளி. சதுர அடுக்கில் 60 சதவீத இழை என்றால் 15 மைக்ரான் இழைகளுக்கு நடுவே இடைவெளி 2.2 மைக்ரான்தான். இரு இழைகளின் மையங்களை இணைக்கும் கோட்டில் இழை ஏறக்குறைய நீளாது, நீள வேண்டியது முழுக்க அந்தக் குறுகிய ரெசின்தான். எளிய கணக்கில் அங்கே திரிபு சராசரியைப் போல 6 மடங்கு வருகிறது. 40 மெகாபாஸ்கலில் தகடு சராசரியாக 0.25 சதவீதம் நீள்கிறது என்றால் அந்த இடுக்கில் 1.5 சதவீதம். இதனோடு குளிர்ந்தபோது தங்கிய தகைவைச் சேருங்கள். இழைக்கும் ரெசினுக்கும் உள்ள ஒட்டு சரியில்லாத இடங்களையும் சேருங்கள். நிஜத்தில் இழைகள் ஒழுங்காகவும் நிற்பதில்லை. சில ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கும். விரிசல் தொடங்க அது போதும்.

அதனால் மாதிரிக் கட்டம் என்ற கருத்தே வலிமைக் கணக்கில் ஆட்டம் காண்கிறது. விறைப்புக்கு முப்பது நாற்பது இழைகள் உள்ள கட்டம் போதுமானதாகத் தெரியலாம்; கட்டத்தைப் பெரிதாக்கினாலும் விடை அசையாது. வலிமைக்குக் கட்டத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் இன்னும் மோசமான ஓர் இடுக்கு உள்ளே வந்து சேரும் வாய்ப்பு உண்டு. விரிசல் ஓடத் தொடங்கியபின் அந்தக் கட்டம் யாரையும் பிரதிநிதித்துவம் செய்யாது. முன்னே சொன்ன சர்வதேச ஒப்பீட்டில் ஒரே தரவை வைத்துக்கொண்டு வெவ்வேறு கோட்பாடுகள் தந்த முறிவு விடைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகின. கணித்த விறைப்பை ஓரளவு நம்பி வடிவமைப்பைத் தொடங்கலாம். கணித்த வலிமையை நம்பி ஒரு பாகத்தைப் பறக்க விடக் கூடாது, சோதனை செய்தே ஆக வேண்டும்.

அளவுகளின் இடைவெளி சுருங்கும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். தடிமனான நெசவுத் துணியில் ஒரு பின்னலின் அகலம் சில மில்லிமீட்டர் இருக்கலாம். பாகத்தின் தடிமனும் அதே அளவு என்றால், கட்டம் பாகத்தோடு ஒப்பிடும்போது புள்ளி போலச் சிறியது என்ற நிபந்தனை நிற்காது. சிறு துளையின் விளிம்பிலும் இதே நிலைதான்.

கையால் தொடங்குங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஃபோய்க்ட், ராய்ஸ் இரண்டையும் போட்டுவிட வேண்டும். பிறகு இழையின் பங்கை 0 ஆக்கினால் ரெசினின் குணம் வருகிறதா, 1 ஆக்கினால் இழையின் குணம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இழைக்கும் ரெசினுக்கும் ஒரே எண்களைக் கொடுத்து ஓட்டினால் அதே எண்கள் திரும்ப வர வேண்டும். பெரிய கணினி நிரலில் உள்ள பிழைகளில் பாதி இந்தச் சோதனைகளில் மாட்டிக்கொள்ளும்.

இழையின் பங்கையும் ஊகிக்காதீர்கள். கண்ணாடி இழைத் தகடு என்றால் ஒரு துண்டை எடை பார்த்து, உலையில் வைத்து ரெசினை எரித்துவிட்டு, மிஞ்சிய கண்ணாடியை எடை போட்டால் தெரிந்துவிடும். அது எடைப் பங்கு. அடர்த்திகளை வைத்துக் கன அளவுப் பங்காக மாற்றிய பிறகுதான் சூத்திரத்தில் போட வேண்டும். 60 சதவீதக் கன அளவு என்பது நம் தகட்டில் எடைக்கு 76 சதவீதம். இரண்டையும் குழப்பினால் விடை எங்கோ போய்விடும்.

கார்பன் இழைக்கு வந்தால் இன்னொரு கவனம். கண்ணாடி இழை எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு கொண்டது, கார்பன் அப்படி இல்லை. டி300 கார்பன் இழையின் நீளவாக்குக் குணகம் 230 ஜிகாபாஸ்கல், குறுக்கே வெறும் 15 அளவுதான். தயாரிப்பாளரின் தாளில் பெரும்பாலும் 230 மட்டும்தான் அச்சாகியிருக்கும். அதை எடுத்துக் குறுக்குத் திசைச் சூத்திரத்தில் போட்டால் தகடு இருப்பதைவிட வெகு விறைப்பாகத் தெரியும். ஏழு மைக்ரான் இழையைக் குறுக்கே பிடித்து இழுப்பது எளிதல்ல என்பதால், இந்த 15 போன்ற எண்கள் பெரும்பாலும் தகட்டைச் சோதித்து, மைக்ரோமெக்கானிக்ஸ் கணக்கைப் பின்னோக்கி ஓட்டி எடுத்தவை. எந்த மாதிரியை வைத்துப் பின்னோக்கிப் போனார்களோ அதே மாதிரியை வைத்துத்தான் முன்னோக்கியும் வர வேண்டும். அதனால் ஒரு கார்பன் இழையின் குறுக்குக் குணகத்தை எங்கிருந்தாவது எடுக்கும்போது, அது எந்த ரெசினில், எந்தக் கணக்கில் வந்தது என்றும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.